கையையும் முகத்தையும் தானம் கொடுக்க நினைத்தால் வீட்டில் எப்படிப் பேசி வைப்பது

கிட்னி, கல்லீரல், கண் என்றால் நம் வீடுகளில் இப்போது பெரிதாகச் சண்டை வருவதில்லை. 2008-இல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டுக்கு அந்தப் பேச்சு பழகிவிட்டது. 2023-இலிருந்து தானம் கொடுத்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் உண்டு. ஆனால் "கையையும் கொடுக்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அப்படியே நிமிர்ந்து பார்ப்பார். முகம் என்றால் எழுந்தே போய்விடுவார். என் அம்மா சொன்னது இதுதான்: "உள்ள இருக்கறத எல்லாம் எடுத்துக்கட்டும், வெளிய தெரியறத விட்டுடச் சொல்லு."

அதனால் முதல் வேலை, மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் இருப்பது. உள்ளுறுப்புகளுக்குச் சரி, கைக்கு யோசிக்கிறேன், முகத்துக்கு வேண்டாம் என்று சொல்வதும் முழுமையான முடிவுதான், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. 2020-இல் இங்கிலாந்தில் வந்த சட்டப்படி, மறுப்புச் சொல்லாத வயதுவந்தவர்கள் அநேகமாக எல்லாரும் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள். அங்கேகூட கை, முகம் இரண்டையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, குடும்பத்திடம் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, யாரிடம் பேசுவது. நீங்கள் உறுதிமொழி அட்டை வாங்கிப் பர்ஸில் வைத்திருந்தாலும், மூளைச்சாவு என்று மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்த பிறகு, நடைமுறையில் வீட்டாரின் கையெழுத்து இல்லாமல் எதையும் எடுக்க மாட்டார்கள். ஆக, ஐ.சி.யு. வாசலில் நின்று கையெழுத்துப் போடப்போவது யாரோ அவரிடம்தான் பேச வேண்டும். மனைவியோ கணவரோ, அண்ணனோ, மகளோ. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, சொல்லியாச்சு என்று இருந்துவிடாதீர்கள். அங்கே நாலு பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள், அன்றைக்கு ஒருத்தருக்கும் நினைவிருக்காது.

எப்படி ஆரம்பிப்பது? தத்துவத்தில் வேண்டாம், ஆளிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டட வேலையில் மின்சாரம் தாக்கி இரண்டு கையும் போன திண்டுக்கல் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். மும்பையில் ரயிலில் சிக்கிக் கைகளை இழந்த ஒரு பெண்ணுக்கு 2020-இல் சென்னையிலிருந்து விமானத்தில் கைகள் போயின, நம் ஊர்க் குடும்பம் ஒன்று சம்மதித்ததால். "கை இல்லாமலும் வாழலாமே, இது உயிர் காக்கிற விஷயமா?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படிக் கேட்பவரிடம், காலையில் எழுந்ததிலிருந்து பல் தேய்த்து, கழுவிவிட்டு, சட்டை பட்டன் போடும் வரை இரண்டு கையையும் பயன்படுத்தாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள், போதும். அதற்காக மிகைப்படுத்தவும் வேண்டாம்: கையை வாங்கிக்கொண்டவரின் உடல் அதை ஒதுக்காமலிருக்க ஆயுசு முழுக்க மருந்து சாப்பிட வேண்டும், நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், விரலில் உணர்ச்சி வர மாதக்கணக்காகும். 1998-இல் பிரான்ஸின் லியோன் நகரில் கை பொருத்தப்பட்டவர் மருந்தை ஒழுங்காக எடுக்காமல், 2001-இல் தானே கேட்டு அதை அகற்றிக்கொண்டார்.

இனி உண்மையான தடைக்கு வருவோம், அது சாவு வீடு. குளிப்பாட்ட வேண்டும், இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும், வெளியூர் சித்தப்பா வந்து கடைசியாக முகம் பார்க்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் இதுதான், கேட்பதற்கு முன்பே நீங்கள் இதைப் பேசிவிடுங்கள். கையை எடுத்த இடத்தில் செயற்கைக் கை பொருத்தித்தான் உடலைக் கொடுப்பார்கள், வேட்டி, சட்டை, மாலை எல்லாம் போட்ட பிறகு அது பெரிதாகத் தெரியாது. "அடுத்த பிறவியில் கையில்லாமல் பிறப்பான்" என்று பெரியவர்கள் சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள். எரித்தால் எல்லாமே சாம்பல்தானே என்று நான் ஒருமுறை பதில் சொல்லி, பெரியம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

முகம் வேறு கதை. 2005-இல் பிரான்ஸின் அமியான் நகரில், நாய் கடித்து முகம் சிதைந்த இசபெல் தினுவாருக்கு மூக்கு, உதடு, தாடைப் பகுதியைப் பொருத்தியதுதான் உலகின் முதல் முக மாற்று. "எங்க அப்பா முகத்தோட இன்னொருத்தர் தெருவுல நடப்பாரா?" என்ற பயத்துக்குப் பதில் உண்டு: தோல் கொடுத்தவருடையது, அடியில் இருக்கும் எலும்பு பெரும்பாலும் வாங்கிக்கொண்டவருடையது, அதனால் இரண்டு பேரின் சாயலும் கலந்து மூன்றாவது முகமாகத்தான் வரும். கொடுத்தவருக்கு அச்செடுத்து முகமூடி செய்து பொருத்துவார்கள். ஆனாலும் ஐஸ்பெட்டிக் கண்ணாடி வழியே ஊரே வந்து முகம் பார்க்கும் நம் வழக்கத்துக்கு அந்த முகமூடி ஈடாகும் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். முகத்தை மூடியே எடுத்துப் போக வீட்டார் சம்மதித்தால் ஒழிய, இதைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கடைசியாக, பேசியதை ஒரு தாளில் எழுதுங்கள்: உள்ளுறுப்புகள், கண், கை, முகம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை, அல்லது வீட்டார் விருப்பம். தேதி போட்டு, பேசியவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, ரேஷன் கார்டு இருக்கிற பையிலேயே வைத்துவிடுங்கள். என் தாளில் கைக்கு ஆம், முகத்துக்கு வீட்டார் விருப்பம். அம்மா தன் தாளில் கைக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை, பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.