கழுத்து டையிலிருந்து முழுநீள டைக்கு

என் 308 வின்செஸ்டர் போல்ட் ரைஃபிளில், வீட்டில் மறுநிரப்பிய தோட்டாக்கள் முரண்டு பிடிக்கத் தொடங்கின. தோட்டா அறையை மூடும் போல்ட்டை, கைப்பிடியை அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது. சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சுதான் டை. நான் பயன்படுத்திய, கழுத்தை மட்டும் இறுக்கும் டை, கூட்டின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, தொடுவதே இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் தோள் சிறிது முன்னே நகர்ந்துவிடுகிறது.

கூடு முழுவதையும் இறுக்கும் முழுநீள டை வாங்கி, தோள் சுமார் 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்வாங்கும்படி திருகி நிறுத்தினேன். கம்பேரேட்டர் (தோள்வரையிலான நீளத்தை அளக்க உதவும் துணைக்கருவி) மாட்டிய காலிப்பரால் அளந்துதான். கண்மதிப்பு இங்கே உதவாது. போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது.

டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை திருகு என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள்: தோளை அளவுக்கு மீறித் தள்ளினால் கூடு அடிப்பக்கத்தில் சீக்கிரம் பிளக்கும். கூட்டில் மசகும் தடவ வேண்டும், இல்லையேல் டைக்குள் சிக்கிக்கொள்ளும். மிகக் கடினமான கார்பைடு பொருத்திய டைக்கு மசகு வேண்டாம் என்பது தோள் இல்லாத நேர்ச்சுவர்க் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குச் சொன்னது.