லண்டனிலிருந்து பாரிசுக்குச் சரக்கு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா வெளியேறியதால், 2021 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் நடுவில் சுங்க எல்லை இருக்கிறது. ஆனாலும், வெம்பிளியில் புதிதாக மொத்த வியாபாரம் தொடங்குகிற பிள்ளைகள், அந்த ஆண்டு நாங்கள் எல்லோரும் பட்ட அதே அடியைத்தான் இன்றும் படுகிறார்கள். ஈஓஆர்ஐ எண் (சுங்கப் பதிவு எண்) எடுக்க மறப்பது, இன்வொய்சில் எடையை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. சுங்க முகவரே முதல் நாள் சொல்லிவிடுவார்.

"வரியில்லை" என்பதை அப்படியே நம்புவது

சுங்கப் பத்திர வேலை பார்க்கிற எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். வெளியேறியபோது இரு தரப்பும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் பூச்சிய வரி என்று இருப்பது உண்மை. ஆனால் அது பிரித்தானியாவிலோ ஒன்றியத்திலோ உற்பத்தியான பொருளுக்கு மட்டும். சீனத்துச் சட்டை லண்டன் கிடங்கில் ஒரு வருடம் கிடந்தாலும் சீனத்துச் சட்டைதான். இங்கே இறக்கும்போது 12% வரி, பிரான்சில் மறுபடி 12%, அதற்கு மேல் அந்த நாட்டு வற் (மதிப்புக்கூட்டு வரி) 20%.

பாரிசின் லா சப்பல் கடைகளுக்குச் சட்டை அனுப்பிய ஒரு தம்பி, லொறி பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் நின்ற பிறகு போன் எடுத்தார்.

"அண்ணை, வரியில்லை எண்டுதானே ஒப்பந்தம் போட்டவங்கள்? நான் பொலித்தீனும் மாத்தி, எங்கட லேபிளும் ஒட்டித்தானே அனுப்பினனான்!"

பொதி மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் உற்பத்தி ஆகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதைவிட மோசம், யாருடைய இன்வொய்சிலோ இருந்த "பிரித்தானிய உற்பத்தி" வாசகத்தைப் பிரதிபண்ணி அவர் கையெழுத்தும் வைத்திருந்தார். லொறி தப்பிப் போயிருந்தாலும், பிரெஞ்சுச் சுங்கம் மூன்று ஆண்டு வரை திரும்பி வந்து வரி கேட்கலாம். கேட்பது பாரிஸ் கடைக்காரரிடம். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் சரக்கு எடுப்பாரா?

இலங்கைச் சட்டையில் கணக்கு இன்னும் விசித்திரம். உற்பத்தி விதிக்குப் பொருந்தினால், கொழும்பிலிருந்து நேரே பிரெஞ்சுத் துறைமுகமான லு ஆவ்ருக்குப் போகிற சட்டைக்கு, வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையில் வரி 0. லண்டனுக்கு வந்தால் பிரித்தானியாவின் சொந்தச் சலுகைத் திட்டத்தில் அதுவும் 0. ஆனால் லண்டனில் சுங்கம் முடித்துவிட்டுப் பாரிசுக்கு அனுப்பினால் ஒன்றியத்தின் சலுகை போய்விடும். 0 + 0 = 12.

ஐரோப்பாவுக்கான சரக்கை முதலிலேயே பிரித்து லு ஆவ்ருக்கோ ரொட்டர்டாமுக்கோ அனுப்புங்கள். லண்டனுக்கு வந்துதான் ஆகவேண்டுமென்றால் பொண்டட் கிடங்கிலேயே (வரி கட்டாமல் சுங்கக் கட்டுப்பாட்டில் சரக்கு வைக்கும் இடம்) வையுங்கள். இந்தப் பக்கத்து வரியாவது மிஞ்சும். பெரிய இறக்குமதியாளர்களும் இப்படித்தான் யோசிப்பார்கள். ஐரோப்பா முழுவதற்கும் லண்டனில் ஒரே கிடங்கு என்ற தொழிலுக்கு விழுந்த அடி இது. வெளியேறும் பேச்சுகளில் அரசியல்வாதிகள் மீன்பிடி உரிமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை.

கருவாடு, நெய்

சுகாதாரச் சான்று இல்லாமல் ஏற்றாதீர்கள்.

பெல்பாஸ்ட்

வட அயர்லாந்து பிரித்தானிய ஆட்சிதான். ஆனால் பொருள்களுக்குப் பெரும்பாலும் ஒன்றியத்தின் விதி.

புதிய ஒப்பந்தங்கள் ஈடுகட்டும் என்று கடன் வாங்குவது

அவுஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2023 இல் நடைமுறைக்கு வந்தது, பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டுடனானது 2024 டிசம்பரில். இந்தியாவுடன் 2025 ஜூலையில் கையெழுத்தானது. இந்திய ஒப்பந்தத்தால் நீண்டகாலத்தில் பொருளாதாரம் 0.13% கூடும் என்பது பிரித்தானிய அரசின் சொந்தக் கணக்கு. ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4% குறையும் என்பது வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு இப்போதும் ஒன்றியத்துக்கே போகிறது.

2025 மே மாதம் பிரித்தானியாவும் ஒன்றியமும் உணவுப் பொருள் உடன்பாடு ஒன்றை உருவாக்கச் சம்மதித்தன. அது நடைமுறைக்கு வந்தால் நெய்க்கான சான்றுத் தொல்லை குறையும். சட்டைக்கு எதுவும் மாறாது.