கனவு ஊரை வரையும்போது விடுகிற பிழைகள்

சனசமூக நிலையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒரு புதுத் திட்டம் போட நாலு பேர் கூடினால், "இதெல்லாம் நடக்கிற கதையா?" என்று ஒருவர் கேட்டே தீருவார். அதைக் கேட்டதும் கனவைக் குறுக்கிக்கொள்வது முதல் பிழை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 புத்தகங்களோடு இருந்தது. அதற்கும் முன்னால் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்தே புத்தகம் இரவல் கொடுத்தார். 1959இல் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. ஊருக்கே ஒரு நூலகம் என்ற எண்ணம் முதலிலேயே பெரிதாக இருந்தது, தொடக்கம்தான் சிறிது.

கனவை ஒரேயடியாக முடித்து வைப்பது அடுத்த பிழை. பிரேசிலின் தலைநகரான பிரேசிலியா சமத்துவக் கனவோடு வரையப்பட்டு 1960இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய தொழிலாளர்களுக்கு உள்ளே இடமில்லை. திறப்பதற்கு முன்பே வெளியே துணை நகரங்கள் முளைத்துவிட்டன. எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தது. போருக்குப் பின் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம். இந்த வெயிலுக்கு ஒத்துவராது, பிறகு கூட்டிக் கட்டவும் முடியாது என்று எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்பு. இங்கே வீடு ஒரே தடவையில் கட்டி முடிகிற சாமான் இல்லை. முதலில் இரண்டு அறை, பிறகு விறாந்தை, புகை போகத் தள்ளி ஒரு குசினி, மகளுக்குக் கலியாணம் பேசும்போது பக்கத்தில் இன்னொரு துண்டு. அந்தத் துண்டுக்கு வரைபடத்தில் இடம் வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு பிழை. நல்ல ஊர் என்றதும் பலரும் சண்டைக்கு முந்தின யாழ்ப்பாணத்தையே நினைக்கிறார்கள்: கிடுகு வேலி, ஒழுங்கை, நல்ல தண்ணிக் கிணறு. அந்தக் கிணற்றில் யார் அள்ளினார்கள்? சாதியைச் சொல்லித் துலாக் கயிற்றைத் தொடக்கூடாதென்று விலக்கப்பட்டவர்கள் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தார்கள். 1930ஐ ஒட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுத்த பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1968இல்கூட மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகப் போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்திலும் வேறு கனவு இருந்தது: 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தீண்டாமையை வெளிப்படையாக எதிர்த்தது. பின்னே பார்ப்பதானால் அவர்களைப் பாருங்கள்.

ஆகவே கூட்டத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் திட்டத்தின் பகுதிதான். சிலர் வரத் தயங்குகிற இடத்தில், பெண்கள் அடுப்படியில் நிற்கிற நேரத்தில் கூடிவிட்டு, ஊரே ஒத்துக்கொண்டது என்று எழுதக்கூடாது. வரைபடத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம் முழுவதையும் கட்டாமல் ஒரு மூலையை மட்டும் கட்டுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் சனம் அதில் புழங்கட்டும். மீதியை அதற்குப் பிறகு வரையலாம்.