பாறைத் தூண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களப்பயணம் வரும் புவியியல் மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. அளவுகோல் வைக்காமல் படமெடுப்பது, திசை குறிக்க மறப்பது போன்றவை நாளடைவில் தாமே சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பாறைத் தூண்கள் உருவான விதத்தை எழுதும்போது வரும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

காற்றின் மீது பழி போடுவது

உயரமான தூணைக் கண்டவுடன் "காற்றரிப்பால் உருவானது" என்று எழுதிவிடும் பழக்கம் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. காற்றில் துள்ளிச் செல்லும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்துக்கு மேல் எழுவதில்லை. பாலைவனப் பாறையின் அடியைத் தேய்க்க அது போதும். கொடைக்கானலில் ஏறத்தாழ 400 அடி உயரத்துக்கு நிற்கும் தூண் பாறைகளைச் செதுக்க அது எந்த வகையிலும் போதாது.

அங்கே வந்த ஒரு கல்லூரிக் குழு, பகல் முழுவதும் காற்றின் திசையைப் பதிவு செய்தது. பாறையின் செங்குத்து விரிசல்கள் எந்தத் திசையில், எவ்வளவு இடைவெளியில் ஓடுகின்றன என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டதும், சொந்தச் செலவில் மீண்டும் மலையேறி வந்தார்கள். அன்று மூடுபனி விலகவே இல்லை.

தூண் எப்படி உருவானது என்பதற்கான விடை அந்த விரிசல்களில்தான் இருக்கிறது. கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் சார்னோக்கைட் என்னும் கடினமான கருங்கல் வகைப் பாறையில் விரிசல் வழியே மழைநீர் இறங்குகிறது; நீர் பட்டுப்பட்டு ஃபெல்ட்ஸ்பார் கனிமம் களிமண்ணாகிறது; அந்தக் களிமண்ணை அடுத்த மழை கழுவிச் செல்ல, பிடிமானம் இழந்த பாறைப் பலகைகள் தம் எடையாலேயே சரிந்து விழுகின்றன. விரிசல் குறைந்த பகுதி தூணாக எஞ்சுகிறது. சாலையோரம் உடைந்து கிடக்கும் துண்டு ஒன்றைப் பாருங்கள்: உள்ளே எண்ணெய் பூசியது போன்ற நீலச் சாம்பல் நிறம், வெளியே துருப்பிடித்த பழுப்புத் தோல். அந்தத் தோல் காற்று தேய்த்ததால் வந்ததன்று.

எல்லாத் தூணுக்கும் ஒரே கதை சொல்வது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரைஸ் கேன்யனில் ஆண்டுக்கு 170 முறைக்கு மேல் வெப்பநிலை உறைநிலையைக் கடந்து ஏறி இறங்குகிறது. விரிசலில் தேங்கிய நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிந்து பாறையைப் பிளக்கிறது. லேசான அமிலத்தன்மை கொண்ட மழைநீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. மென்மையான அடுக்கு விரைவாகவும், டோலமைட் கலந்த கடினமான அடுக்கு மெதுவாகவும் தேய்வதால் தூண்கள் முடிச்சு முடிச்சாக நிற்கின்றன. அந்தப் பனிக்கட்டிக் கதையைக் கொடைக்கானலுக்கு அப்படியே தூக்கி வருபவர்கள் உண்டு. உடுப்பி அருகேயுள்ள செயின்ட் மேரீஸ் தீவின் பலகோணத் தூண்களையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அவை எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது பிளந்தவை.

சிதைவையும் அரிப்பையும் ஒன்றாக்குவது

பாறை நின்ற இடத்திலேயே நைந்துபோவது சிதைவு. நைந்ததை அப்புறப்படுத்துவது அரிப்பு. குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

பாறையின் வயதைத் தூணுக்குக் கொடுப்பது

கூடாது. பிரைஸ் கேன்யனின் படிவுகள் சுமார் 5 கோடி ஆண்டுகள் பழையவை. தூண்கள் அவற்றைவிட மிகவும் இளையவை.

உச்சிக் கல்லை அசைத்துப் பார்ப்பது

கீழேயுள்ள மென்பாறைக்கு மழையிலிருந்து காப்பாக இருப்பதே அந்தக் கல்தான். 2013-ஆம் ஆண்டில் யூட்டாவின் கோப்ளின் பள்ளத்தாக்குப் பூங்காவில் அப்படிப்பட்ட ஒரு கல்லைத் தள்ளிவிட்டவர்கள் மீது வழக்குப் பதிவானது.