நூலகச் சேவையை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

கல்லூரி நூலகத்தின் ஆண்டறிக்கையில் புத்தக எண்ணிக்கை, வந்துபோனவர் எண்ணிக்கை, வாங்கிய இதழ்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். நூலகம் எவ்வளவு பெரியது என்று அவை சொல்லும். வந்தவருக்குத் தேடியது கிடைத்ததா என்று சொல்லாது. தேர்வு நேரத்துக் கூட்டத்துக்கு விடுதி அறையின் புழுக்கமும் காரணமாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, "சேவை திருப்தியா?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வது. எதிர்பார்ப்பு தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து என்ன செய்ய முடியும்? அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய லிப்குவால் முறை, சேவை பற்றிய ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 9 வரையான அளவில் மூன்று மதிப்பெண் கேட்கிறது: குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நன்று, இப்போது எவ்வளவு கிடைக்கிறது.

உதாரணமாக, வாசிப்பு அறைக்கும் மின் இதழ்களுக்கும் கிடைத்த சராசரி 6.5 என்று வைப்போம். வாசிப்பு அறைக்கு மாணவர்கள் கேட்ட குறைந்தபட்சம் 5 என்றால் கவலையில்லை. மின் இதழ்களுக்கு ஆய்வாளர்கள் கேட்டது 7 என்றால், அங்கே உடனே கைவைக்க வேண்டும். ஒற்றைக் கேள்வியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இளநிலை மாணவர், ஆய்வாளர், ஆசிரியர் என எல்லோரையும் ஒரே சராசரியில் கலந்தாலும் இதே கதிதான்.

எந்தச் சேவையின் தரத்தையும் அளப்பதற்கான சர்வ்குவால் என்ற பொதுப் படிவத்தை அப்படியே எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. 22 கூற்றுகள் கொண்ட அந்த முறையை 1988-ல் சந்தையியல் ஆய்வாளர் பரசுராமனும் இரு சகாக்களும் வங்கி, பழுதுபார்ப்பு போன்ற சேவைகளை ஆராய்ந்து வடித்தார்கள். நல்ல கருவிதான். ஆனால் நூலகத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் தானாகவே தேடி எடுத்துக்கொள்ள விரும்புகிறார். அமைதியாக உட்கார இடமும் வேண்டும். லிப்குவாலில் ஊழியர் அணுகுமுறையோடு இந்த இரண்டும் தனித்தனிப் பிரிவுகள்.

அப்புறம், யாரிடம் கேட்கிறோம்? 'நோ டியூஸ்' கையெழுத்துக்கு நிற்கும் மாணவரிடம் படிவத்தை நீட்டினால், எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டுப் போவார். கவுன்டரில் மட்டும் கேட்டால், நூலகப் பக்கமே வராதவரின் குறை காதில் விழாது. பெயர் கேட்காமல், துறை வாரியாக, பருவத்தின் நடுவில் கேளுங்கள். கருத்து எழுத இடம் விடுங்கள். மதிப்பெண் ஏன் குறைந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: வைஃபை, பூட்டிக் கிடக்கும் குறிப்புதவிப் பகுதி, ஆறு மணிக்கே அணைக்கப்படும் விளக்கு.