வேலூர் வெயிலில் ஓடிய கார்: வாங்கும் முன் இன்ஜினைச் சோதிப்பது எப்படி

விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." காலை ஏழு மணிக்குள் போய் நில்லுங்கள். போனதும் பேனட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்னதாகவே ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சண்டை போட வேண்டாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின் முதல்முறை உயிர்பெறும் அந்த அரை நிமிடத்தில் தெரிவது பிறகு எவ்வளவு ஓட்டினாலும் தெரியாது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஓடிய வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டரைவிட ரேடியேட்டர் தண்ணீர் அதிகம் உண்மை பேசும். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. கூலன்ட் குறைந்தால் கையில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போவது இங்கே சர்வசாதாரணம். வெந்நீர்த் தவலையின் உட்புறம் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றிய நீர்வழிகளிலும் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் அலுமினிய ஹெட் வளையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போகும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சில வண்டிகளில் ரேடியேட்டர் மூடியே இருக்காது, கூலன்ட் டேங்க் மூடிதான். பச்சையோ சிவப்போ நீலமோ, நிறம் தெளிவாக இருந்தால் சரி. செம்மண் கரைத்த மாதிரி இருந்தால் துரு. மூடியின் ரப்பரைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருந்தால் போர் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வண்டி வேண்டாம் என்று அங்கேயே கிளம்பிவிடலாம். பழைய வண்டியில் பளபளவென்று புத்தம்புது கூலன்ட் இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம்; எதற்காக மாற்றினார்கள், பில் எங்கே என்று கேளுங்கள்.

அடுத்து டிப்ஸ்டிக், அதாவது இன்ஜின் ஆயிலின் அளவு காட்டும் குச்சி. டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது கோளாறில்லை. குறைந்த அளவுக் குறிக்குக் கீழே இருந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது. அதிகபட்சக் குறிக்கு மேலே ஏறி டீசல் வாடையும் அடித்தால் வேறு கதை, கீழே வருகிறேன். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள். கெட்டித் தார் மாதிரி அடை இருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். காபியில் பால் கலந்த நிறம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். மார்கழிக் காலையில் மூடியில் மட்டும் மெல்லியதாகத் தெரிவது வெறும் ஈரம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் கேஸ்கெட்.

இப்போது சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் எரிய விடாமல் செய்திருக்கலாம். அந்த நேரத்தில் ஏசி ஆஃப்; ரேடியேட்டர் ஃபேன் சுற்றக் கூடாது. சாவி போட்டதுமே ஃபேன் சுற்றினால் வயரை 'டைரக்ட்' கொடுத்திருக்கிறார்கள், அல்லது சென்சார் கோளாறு. வண்டி அடிக்கடி சூடேறியபோது யாரோ செய்த கைவைத்தியமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். இதன் அண்ணன்தான் தெர்மோஸ்டாட் வால்வை, அதாவது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றிப் போடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு" என்பார்கள். வால்வு இல்லாத இன்ஜின் ஹைவேயில் போதிய சூட்டுக்கே வராது. எரிபொருள் அதிகம் குடிக்கும், ஆயிலில் சேறு சேரும், தேய்மானம் கூடும். ட்ராஃபிக்கில் நின்றால் அப்போதும் சூடேறும், ஏனென்றால் அடைப்பு ரேடியேட்டரில் அப்படியே இருக்கிறது.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆன இரண்டு மூன்று வினாடியில் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அதற்குமேல் சங்கிலி உரசுகிற கடகட சத்தம் நீடித்தால் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினோ, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: ஸ்டார்ட்டின்போது மட்டும் சில வினாடி வந்தால் வால்வு சீல், சின்ன வேலை, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ, பெரிய வேலை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. டீசலில் வெள்ளைப் புகை கண்ணை எரித்தால் அது எரியாத டீசல், இன்ஜெக்டரையும் க்ளோ பிளக்கையும் சந்தேகப்படுங்கள்.

ஒரு நிமிடம் ஓடியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகியிருக்காது. அதற்குள் ஹோஸ் கல்லாக இறுகியிருந்தால் சிலிண்டர் வாயு நீர்வழியில் கசிகிறது, அதாவது கேஸ்கெட். சந்தேகம் தீரவில்லையென்றால் நீலத் திரவம் ஊற்றிய சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் கருவி சில ஒர்க்‌ஷாப்களில் உண்டு. பெட்ரோல் வண்டியில் கேஸ்கெட் போயிருந்தால் நீலம் மஞ்சளாகும். பிறகு ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடலாம். துள்ளி விழுந்து, உள்ளிருந்து குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது.

இன்ஜினின் டைமிங்குக்குச் செயினா பெல்ட்டா என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, புன்டோ எனப் பல வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசலில் இருப்பது செயின். ஆயிலை நாள் தள்ளி மாற்றினால் செயின் நீளும். பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். டஸ்டர், லோகன், வெரிட்டோ, டீசல் சன்னி ஆகியவற்றின் 1.5 லிட்டர் ரெனோ டீசலிலும், போலோ, வென்டோ டீசலிலும் பெல்ட். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வருடக் கணக்கில் ரப்பர் பழுதாகும். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழியுங்கள். ஈகோஸ்போர்ட் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோலில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினால் ரப்பர் பொடியாகி ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

"சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, கிலோமீட்டரே ஓடல." வேலூரில் இந்த வசனம் கேட்காமல் கார் வாங்க முடியாது. பெட்ரோலுக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசலுக்கு அப்படியில்லை. சைலன்சரில் உள்ள புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஹைவே ஓட்டம் வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு என்று மூன்று நான்கு கிலோமீட்டரே ஓடினால் அந்த வேலை பாதியில் நின்று, அதற்காகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மேலே ஏறி டீசல் வாடை அடிப்பது இதனால்தான்.

ஓட்டிப் பார்ப்பதை மட்டும் மதியத்துக்கு வையுங்கள். பெங்களூரு வண்டியாக இருந்தால் இது கட்டாயம். அந்தக் குளிரில் அடங்கியிருந்த சூட்டுக் கோளாறு இங்கேதான் தலைகாட்டும். பைபாஸில் பள்ளிகொண்டா பக்கம் போய், 4வது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். தயங்காமல் இழுக்க வேண்டும், கண்ணாடியில் கரும்புகை மேகமாகத் தெரியக் கூடாது. திரும்பி வந்து கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசியை முழு வேகத்தில் வைத்து நகருங்கள். வாணியம்பாடி, ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு ஏலகிரியின் 14 வளைவுகளே போதும். சூட்டு முள் நடுவிலேயே நிற்க வேண்டும். முள் இல்லாமல் விளக்கு மட்டும் உள்ள வண்டிகளுக்கு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வேண்டும், அதில் 85 முதல் 100 டிகிரி வரை சாதாரணம். அதே ஸ்கேனரில் சுயசோதனைகள் பலவும் 'முடியவில்லை' என்று காட்டினால் சமீபத்தில் கோளாறுப் பதிவை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தாண்டிய வண்டியை உங்கள் மெக்கானிக்கிடம் விட்டுக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ. எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம்.

சென்னை வண்டிக்கு இன்னொரு சோதனை. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்தபடியே கொஞ்சகாலம் ஓடும். ஏர்ஃபில்டர் பெட்டிக்குள் நீர்க்கோடு, ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், உள்சுற்றில் சேற்றுக்கறை மறையாது.

ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரை பிளாக்கில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு விலை பேசுங்கள். வால்வு சீல், பெல்ட், ரேடியேட்டர் என்றால் கழித்துப் பேசலாம். வளைந்த ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவிச் சமன்செய்த ('ஃபேசிங்' பிடித்த) வண்டி, ரிங் போன வண்டி, மூழ்கிய வண்டி மூன்றையும் எந்த விலைக்கும் தொட வேண்டாம். வாங்கிய வாரமே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, நீர்வழியைக் கழுவி, கம்பெனி சொன்ன கூலன்ட்டை, கலக்காமல் கெட்டியாக வருவதென்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து, ஊற்றுங்கள். கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு இருந்த இடத்தில் புதியது ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள்; மெக்கானிக் வேண்டாம் என்றாலும்.