கூரையைக் கொண்டுபோனது காற்றா, துருவா? இன்சூரன்ஸ் கிளெய்மில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சல், சின்னமுட்டம் பக்கம் உப்புக்காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடியில் நிற்கவிடாத காற்று. குமரி மாவட்டத்தில் ஐஸ் பிளான்ட், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), ரப்பர் குடோன் எதுவானாலும், கூரை ஷீட் பறந்துவிட்டது என்றால் இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயரின் கண் முதலில் தேடுவது துருவைத்தான். புயலால் வந்த சேதத்துக்குத் தீ விபத்து பாலிசியில் இடம் உண்டு, துருவுக்கும் தேய்மானத்துக்கும் கிடையாது. பல கிளெய்ம்கள் அடிவாங்குவது இந்த இடத்தில்தான்.

பெரிய தவறு, சர்வேயர் வருமுன் இடத்தைச் சுத்தம் செய்வது. உடைந்த ஷீட்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டால் உங்கள் சாட்சியும் அதோடு போய்விடும். ஸ்குரூ இருந்த ஓட்டையைச் சாண் தூரத்தில் வைத்துப் படமெடுங்கள். காற்று பிய்த்திருந்தால் ஓட்டை ஒரு பக்கமாக நீண்டு கிழிந்து, கிழிந்த விளிம்பு பளபளவென்று இருக்கும். பல இடங்களில் ஸ்குரூவும் ரப்பர் வாஷரும் பர்லினிலேயே (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நிற்கும். துரு தின்ற ஓட்டை அப்படி இருக்காது: சுற்றிலும் செம்பழுப்பாகி, விரலால் தொட்டால் பொரிந்து உதிரும். கடலோரத்தில் அந்தப் பளபளப்பும் சில நாளைக்குத்தான், அதனால் முதல் நாளே எடுத்துவிட வேண்டும். உண்மையிலேயே துருப்பிடித்த ஷீட் நாலைந்து இருந்தால் அவற்றைத் தனியே ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் நல்ல நாற்பதையும் சந்தேகப்படுவார்கள்.

சர்வேயர் வரட்டும் என்று கூரையைத் திறந்தே போட்டுவைப்பதும் தப்பு. சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. படமெடுத்த கையோடு தார்ப்பாய் கட்டுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். தகவலை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னதற்கு அத்தாட்சி இல்லை. ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியில் இழப்பு விவரத்தை 15 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது புயலா என்று யாரும் கேட்டிருக்க முடியாது. சாதாரண ஆடிக்காற்றில் போன கூரைக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அந்தத் தேதிக்கான காற்றின் வேகப் பதிவை வானிலைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, அக்கம்பக்கத்தில் சாய்ந்த தென்னை, மின்கம்பத்தின் படம், மறுநாள் செய்தித்தாள் எல்லாம் கைகொடுக்கும். முன்பு பெயின்ட் அடித்த, ஸ்குரூ மாற்றிய பில்கள் இருந்தால் 'பராமரிக்கவே இல்லை' என்ற வாதமும் எழாது.

பாலிசி எடுக்கும்போதே நடக்கும் தவறு ஒன்று உண்டு, காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போடுவது. திரும்பக் கட்ட 80 லட்சம் ஆகும் கட்டடத்தை 50 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், 8 லட்சம் இழப்புக்கு அதே விகிதத்தில் 5 லட்சம்தான் கணக்காகும். ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு விழாது. பிறகு முன்புறம் இறக்கிய சாய்ப்பு, மேலே போட்ட சோலார், உள்ளே இருக்கும் சரக்கு எல்லாம் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடனுக்காக வங்கி எடுத்த பாலிசி என்றால் நகலே கையில் இருக்காது, போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

'கூரை வேலை, 6 லட்சம்' என்று ஒற்றை வரியில் எஸ்டிமேட் கொடுத்தால் சர்வேயர் தன் கணக்கைத்தான் போடுவார். ஷீட்டின் தடிமன், நீளம், எண்ணிக்கை, முகட்டுத் தகடு, ஸ்குரூ, மாற்ற வேண்டிய பர்லின் எத்தனை கிலோ, சாரம், கூலி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இடிபாடு அகற்ற கிளெய்மில் 1 சதவீதம், பொறியாளர் கட்டணத்துக்கு 3 சதவீதம் வரை ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியிலேயே உண்டு. கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். பழைய தகரத்தின் விலையைக் கழிப்பார்கள், ஆகவே எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். புதுப்பிப்பு மதிப்பில், அதாவது புதிதாகத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு, எடுத்த பாலிசி என்றால் தேய்மானம் கழிக்கக் கூடாது. ஆனால் அந்தப் பணம் வேலையைச் செய்து முடித்தால்தான் வரும், அதுவும் 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஓட்டுக்கூரை போன இடத்தில் அதைவிட விலை கூடிய ஷீட் போட்டால் கூடுதல் செலவு உங்களுடையது.

சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், எங்கே எதைக் கழித்தார்கள் என்பது அதில்தான் தெரியும். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் ஆட்சேபம் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமையை அந்த வவுச்சர் பறிக்காது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் 'ஆட்சேபத்துடன்' என்ற ஒரு சொல் பின்னால் பெரிய வாதத்தை மிச்சப்படுத்தும்.

தொகை போதவில்லை என்றால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், தனி உரிமையாளர்களும் குறு நிறுவனங்களும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். இந்த இரண்டிலும் சேராத நிறுவனங்களுக்கு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கெடு 2 ஆண்டு. வணிகக் கட்டடம் என்பதால் அங்கே எடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் தந்த தீர்ப்பைக் காட்டுங்கள்.